ஆதித்யன் காதில் ஒரு சொட்டும் விடப்படவில்லை

தாராவி,
வியாழக்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க அத்தான் பிரம்மநாயகம் அவர்களுக்கு, உங்கள் மச்சினன் மாரிக்கண்ணன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் முத்துமாரியும் நலம், என் இடது காது நீங்கலாக. அங்கே கோபர்கைரனேயில் நீங்களும் அக்காவும் மருமகன் ஆதித்யனும் அவனுடைய இரண்டு காதுகளும் நலமாக இருக்க இசக்கியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்குக் காரணம், என் எண்ணை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். முத்துமாரியின் எண்ணையும், பாவம், எங்கள் கடையின் எண்ணையும் செய்துவிட்டீர்கள். ஒயரும் சுவிட்சும் விற்கும் கடை உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. கூரியர்காரரை பிளாக் செய்யும் வசதி இன்னும் வராதது என் அதிர்ஷ்டம்.

உங்கள் தீர்ப்பு அக்கா வழியாக வந்து சேர்ந்தது. அடுத்த மாதம் இங்கே அம்மன் கோயிலில் ஆதித்யனுக்கு நடக்க இருந்த காதுகுத்து நடக்காது, வாஷியில் ஏதோ கிளினிக்கில், நீங்கள் முதலிலிருந்தே சொல்லிவந்த காது குத்தும் கன் வைத்து இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவீர்கள், அங்கே யார் மடியும் தேவைப்படாது என்று சொல்லியிருக்கிறீர்கள். அத்தான், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துப் பிள்ளைக்குக் காது குத்துவது என்பது நம் ஜனங்கள் ரயிலேறி இந்த ஊருக்குக் கொண்டுவந்த சாமான்களில் உடையாமல் வந்து சேர்ந்த சிலவற்றில் ஒன்று. எனக்கு இருப்பது ஒரே அக்கா. அவளுக்கு இருப்பது ஒரே பிள்ளை. எங்கள் வீட்டில் காது வலிக்கவோ குத்தவோ வேறு பிள்ளை இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த மடிக்கு வேலை வருவது இந்த ஒரு தடவைதான். பட்டு வேட்டி எடுத்தாயிற்று. கடுக்கன் செய்யக் கொடுத்தாயிற்று. முத்துமாரி சீர்த்தட்டுகளுக்கு ஜரிகைத்தாள் ஒட்டி, அது பிடிக்காமல் பிய்த்து, மறுபடி ஒட்டியிருக்கிறாள்.

நீங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம்களைப் பரிசீலிக்கிறவர். நிராகரிக்கிறவர் என்று அக்கா சொல்லுவாள். நிராகரிக்கும் முன் காகிதத்தைப் படிப்பீர்கள் அல்லவா, இதையும் அப்படிப் படித்துவிடுங்கள்.

போன வெள்ளிக்கிழமை நீங்களும் அக்காவும் கோயம்புத்தூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பினீர்கள். ஆதித்யனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. விமானம் வேண்டாம் என்று அக்கா அவனை எங்களிடம் விட்டாள். லிஃப்டுக்குள் நின்றுகொண்டு நீங்கள் சொன்னது வார்த்தை மாறாமல் என் நினைவில் இருக்கிறது. "மாப்ள, காய்ச்சல் வந்தா டாக்டர்ட்ட போ. வயிறு வலிச்சா டாக்டர்ட்ட போ. என்ன வந்தாலும் டாக்டர்ட்ட போ. ஒங்க பில்டிங் ஆளுக சொல்லுத எதையும் எம்புள்ள மேல தடவாத." நான் சரி அத்தான் என்றேன். லிஃப்ட் கதவு மூடிய பிறகு இன்னொரு முறையும் சொன்னேன்.

மறுநாள் காலை ஆதித்யன் பல் தேய்க்காமல் வந்து நின்று, காதைப் பொத்திக்கொண்டு, "மாமா, கான் துக்ரா" என்றான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சந்தோஷத்தைத் தமிழிலும் வலியை ஹிந்தியிலும் சொல்லுகிறார்கள். ஆகவே விஷயம் தீவிரம் என்று புரிந்துகொண்டேன். உடனே, கவனியுங்கள், உடனே, செம்பூர் திலக் நகரில் இருக்கும் காது டாக்டர் பிரபாவதி கிளினிக்குக்குப் போன் செய்தேன். மாலையில் வரச் சொன்னார்கள். உங்கள் உத்தரவை நிறைவேற்றியாயிற்று. மாலை வரைக்கும் சும்மா இருப்பதுதான் பாக்கி.

சும்மா இருப்பது அத்தனை சுலபமாக இருந்தால் நம் ஜனங்கள் எப்போதோ முன்னேறியிருப்பார்கள். முத்துமாரி பில்டிங் வாட்ஸாப் குரூப்பில் ஒரே ஒரு கேள்வி போட்டாள். மருமகனுக்குக் காது வலி, திலக் நகர் டாக்டர் மத்தியானமே பார்ப்பார்களா என்பதுதான் கேள்வி. டாக்டர் எப்போது பார்ப்பார் என்பதற்கு இன்றுவரை யாரும் பதில் போடவில்லை. துளசிச் சாறு, வெங்காயச் சாறு, உப்பு ஒத்தடம், கடுகு எண்ணெய், மருதாணி வேர் என்று மற்றது எல்லாம் வந்தது. நடுவில் யாரோ ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கமும் சொல்லியிருந்தார்கள். அதுவும் வைத்தியம்தானா என்று முத்துமாரி என்னைக் கேட்டாள்.

முதலில் வந்தது மூன்றாம் மாடி கோமதியம்மாள். லிஃப்ட் நின்றுபோயிருந்ததால் ஏழாம் மாடிக்குப் படியேறி வந்தார்கள், கையில் இரும்புக் கரண்டி, கரண்டியில் நல்லெண்ணெய், எண்ணெயில் தட்டிப்போட்டுப் பொரித்த பூண்டு. அத்தனை படியிலும் ஒரு சொட்டு சிந்தவில்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏல மாரி, புள்ளைக்குக் காது வலின்னு போன்ல எழுதிப் போடுதிய, எங்கிட்ட சொல்ல மாட்டியளா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அப்படியில்ல பெரியம்மா. டாக்டர்ட்ட மட்டுந்தான் காட்டணும்னு அத்தான் சொல்லிட்டுப் போயிருக்காவ."

"எந்த அத்தான்? பிரம்மநாயகமா? அவன் காதுல நான் ஊத்துன எண்ணெய்க்கு ஒரு செக்கே வாங்கிப் போட்டிருக்கலாம். அவனா டாக்டருங்கான்?"

இந்த இடத்தில் உண்மைக்குக் கட்டுப்பட்டு ஒன்று சொல்லியாக வேண்டும். பெரியம்மா சொன்னது பொய்யில்லை. இந்த பில்டிங் எழும்புவதற்கு முன் இதே மண்ணில் நம் சால் வீடுகள் இருந்தபோது, மழைக்காலம் பிறந்தால் உங்கள் வலது காது வலிக்க ஆரம்பிக்கும். தகரச் சுவர் வரிசை வீடுகளில் ஒரு பிள்ளை அழுதால் அது பசி அழுகையா, அடி வாங்கிய அழுகையா, காது வலி அழுகையா என்று பத்து வீடு தள்ளிப் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் தெரியும். காது வலி என்றால் கூப்பிடாமலே வருவார்கள். கோமதி பெரியம்மா பூண்டெண்ணெயோடு வருவார்கள். மூலை வீட்டு சுமன் தாயி, ஓமத்தைத் தவாவில் வறுத்துத் துணியில் முடிந்து எடுத்து வருவாள், மராட்டியில் அதற்கு ஓவா என்று பேர். சந்து முனையில் தையல் மிஷின் போட்டிருந்த உதுமான் பாய் மிஷினை அப்படியே நிறுத்திவிட்டு வந்து பீடியைப் பற்றவைத்துப் புகையைக் காதுக்குள் ஊதுவார். கைக்குழந்தைக்காரி யாராவது இருந்தால் ஒரு சங்கில் தாய்ப்பால் வாங்கி வருவார்கள். அந்தக் கணக்கில் நீங்கள் அந்தச் சாலில் நாலு வீட்டுக்குப் பிள்ளை. சாதி, மதம், மாநிலம் எல்லாம் பார்த்து வீடு கொடுத்த காலந்தான் அதுவும். ஆனால் எந்த எண்ணெய் யார் வீட்டு எண்ணெய் என்று காது பார்த்ததில்லை. மருந்து விட்டவர்கள் சும்மா போகவும் மாட்டார்கள், அழுத பிள்ளைக்குக் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று சட்டம். சிக்கி, பிஸ்கட், கூம்புக் காகிதத்தில் குருமுறா என்கிற பொரி. வலி வராத நாங்களெல்லாம் வாசலில் உட்கார்ந்து உங்களைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருப்போம். அக்காவும் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பார்த்தது குருமுறாவை என்றுதான் நான் ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. காதுக்கு மருந்து விட வேண்டுமானால் பிள்ளை தலையைச் சாய்த்துப் படுக்க வேண்டும், படுக்க ஒரு மடி வேண்டும். யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் மடி. உங்கள் தலை அந்தச் சாலில் படுக்காத மடியில்லை. எண்ணெய் உள்ளே இறங்கி ஊறும்வரை அசையக் கூடாது என்று ஒரு கை உங்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கும், வாய் அடுத்த வீட்டுச் சண்டையைப் பேசிக்கொண்டிருக்கும், நீங்கள் தூங்கிப்போவீர்கள். எழுந்திருக்கும்போது வலி போயிருக்கும். பெருமை கரண்டிக்குப் போகும்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். ஒரு பக்கம் உங்கள் உத்தரவு. இன்னொரு பக்கம் நாலு மாடி ஏறி மூச்சு வாங்க நிற்கும் பெரியம்மா. அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. நீங்களாக இருந்தாலும் வந்திருக்காது, ஆபீஸில் மட்டுந்தான் உங்களுக்கு அது வரும். அப்போது என் புத்தியில் ஒன்று உதித்தது.

"பெரியம்மா, சூடு எப்படி இருக்குன்னு முதல்ல எனக்கு விட்டுப் பாருங்க. புள்ளைக் காதுல்லா."

"அதுவும் நாயந்தான். படு."

படுத்தேன். விட்டார்கள். சூடு பதமாக இருந்தது என்று அவர்கள் சொன்னார்கள். நான் கருத்துச் சொல்லும் நிலையில் இல்லை. ஆதித்யன் முத்துமாரி மடியில் உட்கார்ந்து, வலியை மறந்து, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய் முழுவதும் எனக்கே செலவாகிவிட்டதால் பெரியம்மா இன்னும் கொஞ்சம் காய்ச்சிக்கொண்டு வருவதாகக் கீழே போனார்கள்.

அவர்கள் இறங்கும்போதே சுமன் தாயி ஏறி வந்தாள். "காய் ஜாலம் பாளாலா" என்று கேட்டாள், குழந்தைக்கு என்ன ஆச்சு என்று. கேட்டாளே தவிர பதிலுக்குக் காத்திருக்கவில்லை, ஓம முடிச்சு ஆறிப்போகும் அல்லவா. இதுவும் முதலில் எனக்குத்தான் என்றேன். நல்ல பெண்மணி, காதுக்கு வெளியேதான் வைத்தாள். என் காது மடல் அன்றிலிருந்து ஒரு தக்காளித் துண்டு போல இருக்கிறது. முத்துமாரி அதைக் கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்டுகிறாள்.

கடைசியாக உதுமான் பாய். உங்களுக்குத் தெரிந்திருக்காது, அவருக்கு நெஞ்சுச் சளி வந்து பீடி கூடாது என்று டாக்டர் சொல்லி, வீட்டில் மனுஷி பையெல்லாம் சோதித்து, அவர் பீடி பார்த்தே ரொம்ப நாளாயிற்று. அன்றைக்கு யாரிடமோ இரவல் வாங்கிய ஒரு பீடியைச் சட்டைப் பையில் பேனா மாதிரிச் செருகிக்கொண்டு வந்தார்.

"மாரி, பீடி தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கான். ஆனா இது புள்ளைக்கு மருந்துல்லா. மருந்துக்கு விலக்கு உண்டும்."

"புள்ளைக்கு வேண்டாம் பாய். எனக்கு ஊதுங்க."

"ஒனக்கும் வலியா?"

"இப்ப வலிக்கு."

அவர் என் காதுக்கு ஒரு வாய் ஊதினார். தமக்கு இரண்டு வாய் எடுத்துக்கொண்டார். அது சரியாகப் போகவில்லை, காற்றடிக்கிறது என்று ஜன்னலைக் குறை சொல்லி மறுபடியும் பற்றவைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அவர் இழுத்ததைப் பார்த்தபோது, வலி யாருக்கு, வைத்தியம் யாருக்கு என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. அப்புறம் என்னிடம், "பிரம்மநாயகத்துக்கு இது ஒரு ஊதுதான். ரெண்டாவது ஊதுக்குப் பய தூங்கிருவான்" என்றார். உங்களைப் பற்றிப் பேசும்போது அவருக்கு இருமல் வரவில்லை.

என் காதில் முத்துமாரி பஞ்சு வைத்துவிட்டாள். அதைப் பார்த்து ஆதித்யன் எனக்கும் வேண்டும் என்று அழுதான். காது வலிக்காக அல்ல, பஞ்சுக்காக அழுதான். இரண்டும் வேறு அழுகை, சாலில் வளர்ந்தவனுக்குத் தெரியும். மருந்து படாத வெறும் பஞ்சு, காதுக்குள்ளே போகாமல் மேலே ஒட்டினாற்போல வைத்தோம். கோமதி பெரியம்மா இரண்டாவது கரண்டியோடு உள்ளே வர, உதுமான் பாய் கடைசி இழுப்பை இழுக்க, வீடு முழுக்கப் புகையும் பூண்டு மணமுமாக இருந்த அந்த நேரம் பார்த்து நீங்கள் கல்யாண வீட்டிலிருந்து வீடியோ காலில் வந்தீர்கள். பிள்ளையிடம் கேட்டீர்கள், காதுல என்னடா என்று. பஞ்சு என்றான். எண்ணெய் விட்டாங்களா என்றீர்கள். விட்டாங்க என்றான். பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆனால், அத்தான், அந்த எண்ணெய் யார் காதில் விடப்பட்டது என்று நீங்கள் கேட்கவில்லை. கிளெய்ம் பார்க்கிற ஒருவர், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது யார் என்று கேட்காமல் பைலை மூடியது இதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று நம்புகிறேன். போன் கட்டாகிவிட்டது. அப்புறம் போகவே இல்லை.

மாலை திலக் நகர் போனோம். டாக்டர் பிரபாவதி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், அவர் தமிழ் வேறு ரகம். ஆதித்யன் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "சளியினாலதான். லேசா சிவந்திருக்கு, அவ்வளவுதான். வலிக்கு சிரப் எழுதித் தரேன். வேணும்னா வெளியில வெதுவெதுப்பாத் துணி ஒத்தடம். முக்கால்வாசி தானே சரியாயிடும். காய்ச்சல் வந்தாலோ, சீழ் வந்தாலோ உடனே அழைச்சுண்டு வரணும். உள்ளே மட்டும் ஒண்ணும் விடப்படாது. விட்டேளா?" என்றார். இல்லை என்றேன். "காது சுத்தமா இருக்கு, சமத்து" என்றார். இந்தச் சொல்லை அவர் கைப்பட எழுதித் தரவும் சம்மதித்திருக்கிறார். பிறகு என் பக்கம் திரும்பி மோந்து பார்த்து, என் பஞ்சை எடுத்து, விளக்கடித்துப் பார்த்தார்.

"சார், காதுக்குள்ள என்ன தாளிச்சு வெச்சிருக்கேள்?"

பக்கத்து அறையில் என் காதைச் சுத்தம் செய்ய வெகு நேரம் பிடித்தது. வெளியே வந்தபோது ஆதித்யன் டாக்டரோடு சிநேகமாகிவிட்டிருந்தான். அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். இந்த வலி ரெண்டு மூணு நாளில் பெரும்பாலும் தானே போய்விடுமாம், எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம், செவிப்பறை ஓட்டையாக இருந்தால் எண்ணெய் உள்ளே போய்ப் பெரிய கெடுதல் ஆகுமாம். ஒப்புக்கொண்டேன். ஆக, அத்தனை கரண்டியும் அத்தனை பீடியும் வலி தானாகப் போகிற வரைக்கும் பெரியவர்கள் கை சும்மா இருக்காமல் பார்த்துக்கொண்ட ஏற்பாடு. நம் காதுகள் பிழைத்தது நம் அதிர்ஷ்டம். இதை நான் கோமதி பெரியம்மாவிடம் சொல்லப்போவதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். அடுத்த பிள்ளைக்குக் காது வலி வந்தால் அந்த எண்ணெயையும் வாங்கிக்கொள்ள என் வலது காது இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வலி போய்விட்டது, பஞ்சை மட்டும் அவன் எடுக்க விடவில்லை. திங்கட்கிழமை நீங்கள் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவன் லிஃப்டிலிருந்து கையாட்டினான். நீங்கள் ஆட்டவில்லை, இரண்டு கையிலும் பை இருந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே அத்தான், என் கோரிக்கை ஒன்றுதான். உங்கள் பிள்ளைக் காதில் ஒரு சொட்டும் விடப்படவில்லை. சொன்ன சொல்லை நான் என் காதால் காப்பாற்றியிருக்கிறேன். குறித்த நாளில், அம்மன் கோயிலில், அவனை என் மடியில் உட்காரவைக்க வேண்டும். ஆசாரி கையைச் சுத்தமாகக் கழுவட்டும், ஊசியைக் கொதிக்க வைக்கட்டும், உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் டாக்டரையே கோயிலுக்குக் கூட்டி வருகிறேன், அவரே குத்தட்டும். எது வேண்டுமானாலும் மாறட்டும், மடி மட்டும் மாற வேண்டாம். இதற்கு மேல் கேட்க எனக்கு உங்களிடம் எதுவும் இல்லை, இனிமேல் கேட்கவும் மாட்டேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். மருமகனுக்கு நூறாண்டு ஆயுளும், மழைக்காலத்தில் மூக்கடைக்காத வரமும் கிடைக்க முத்துமாரியும் நானும் வாழ்த்துகிறோம். பெரியம்மா உங்களை விசாரித்தார்கள். சுமன் தாயி விசாரித்தாள். உதுமான் பாய் உங்கள் வலது காதைத் தனியாக விசாரித்தார்.

என்றும் உங்கள் மரியாதைக்குரிய அன்பை வேண்டும்,
மச்சினன்
மாரிக்கண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டு இன்று காலை என் காதைக் காட்டத் திலக் நகர் போனேன். டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். அன்றைக்கு நான் பக்கத்து அறையில் படுத்திருந்தபோது ஆதித்யன் அவரிடம், "ஆன்ட்டி, குத்துற நாள் தக் வலிக்கிற மாதிரி ஒரு மருந்து குடுப்பீங்களா?" என்று கேட்டானாம், தக் என்றால் வரைக்கும். எதற்குடா என்றதற்கு, "வலிச்சா குத்த மாட்டாங்கல்ல. அப்பா கன் சொல்றாங்க. மாமா ஊசி சொல்றாங்க. எங்கிட்ட யாரும் கேக்கல" என்றானாம். அப்படி ஒரு மருந்து இல்லையேடா என்று டாக்டர் சொல்ல, பரவாயில்லை ஆன்ட்டி என்று எழுந்துவிட்டானாம். பஞ்சை அவன் ஏன் திங்கட்கிழமை வரை எடுக்க விடவில்லை என்று இப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

எனவே மேலே எழுதியதில் கோரிக்கை என்று இருக்கிற பகுதி முழுவதையும் அடித்துவிட்டுப் படியுங்கள். கோயிலில் தேதி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மேளக்காரருக்கும் சொல்லிவிட்டேன். நீங்கள் கன்காரரிடம் சொல்லிவிடுங்கள். அக்காவிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் என்னைப் பிளாக் செய்யவில்லை, அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவனாகக் கேட்கிற வரை அந்தக் காதுகள் அப்படியே இருக்கட்டும். முத்துமாரி தட்டுகளைத் துணி போட்டு மூடி அலமாரியில் வைத்துவிட்டாள். அவன் கேட்பதற்குள் பெரியவனாகி, மீசை வந்து, என் மடியில் கொள்ளாமல் போய்விட்டால், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறோம்.